அடிக்கடி வரும் வாய்ப்புண்: எது எந்த வகை என்று படிப்படியாகக் கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

வாய்ப்புண் என்கிற ஒரே சொல்லுக்குள் ஏழெட்டு வெவ்வேறு தொந்தரவுகளை அடைத்து வைத்திருக்கிறோம். உள்ளுதட்டில் வெள்ளையாகக் குழி விழுந்தால் வாய்ப்புண். உதட்டு விளிம்பில் கொப்புளம் வந்தால் அதுவும் வாய்ப்புண். கடைவாய் வெடித்தாலும், நாக்கு எரிந்தாலும், பல் உரசிப் புண்ணானாலும் அதே பெயர்தான். ஆனால் இவற்றில் ஒன்று பிறருக்குத் தொற்றும், இன்னொன்று தொற்றவே தொற்றாது. ஒன்றுக்குத் தடவுகிற களிம்பு மற்றொன்றைப் பெரிதாக்கிவிடும். ஒன்று பத்து நாளில் தானாகப் போகும், இன்னொன்றை மூன்று வாரத்துக்குமேல் விட்டுவைக்கக் கூடாது.

எனக்குப் பதினான்கு வயதில் தொடங்கியது. மாதம் ஒருமுறையாவது உள்ளுதட்டிலோ கன்னத்திலோ ஒன்று கிளம்பும், பத்து நாள் படுத்தும், போய்விடும். பழகிப்போனதால் ஒருமுறை ஏமாந்தேன். நாக்கின் வலது ஓரத்தில் வந்த புண் இரண்டு மாதமாக ஆறுவதும் கிளம்புவதுமாக இருந்தது. "வழக்கமாக வருவதுதானே" என்று விட்டுவிட்டேன். கடைசியில் பல் மருத்துவர் பார்த்தபோது அந்த இடத்துக்கு நேராக இருந்த கடைவாய்ப்பல்லின் அடைப்பு உடைந்து, கத்தி முனைபோல் நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் தேய்த்துவிட்ட எட்டாவது நாள் புண் இல்லை. இடம் மாறி மாறி வரும் புண் வேறு, ஒரே இடத்தில் வரும் புண் வேறு என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். அதிலிருந்து நான் பின்பற்றும் முறையைத்தான் கீழே எழுதுகிறேன்.

முதல் படி: ஒழுங்காகப் பாருங்கள்

பெரும்பாலும் நாம் வாய்ப்புண்ணைப் பார்ப்பதே இல்லை, நாக்கால் தடவித்தான் தெரிந்துகொள்கிறோம். நாக்குக்கு எல்லாப் புண்ணும் பெரிதாகத்தான் தோன்றும். கையைக் கழுவிக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். செல்போன் டார்ச் போதும். கட்டுப்பல் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

மேலுதட்டையும் கீழுதட்டையும் மடித்துப் பாருங்கள். இரண்டு கன்னங்களையும் விரலால் ஒதுக்கிப் பாருங்கள். ஈறு, மேல் அண்ணம், நாக்கை மேலே தூக்கி அதன் அடிப்பகுதி, வாயின் தரை எல்லாவற்றையும் பாருங்கள். பிறகு சுத்தமான துணியால் நாக்கு நுனியைப் பிடித்து ஒருபக்கமாக இழுத்து, பின்னோரம்வரை பாருங்கள். அடுத்த பக்கமும் அப்படியே. இந்தப் பின்னோரத்தை யாரும் பார்ப்பதில்லை. வாய்ப் புற்றுநோய் அதிகம் தொடங்கும் இடங்களில் அதுவும் ஒன்று என்பதால் வலியுறுத்திச் சொல்கிறேன். பார்த்ததைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நாள் கழித்து எடுக்கும் போட்டோவோடு ஒப்பிட அது வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: புண் எந்தத் தோலில் இருக்கிறது?

எனக்குத் தெரிந்தவரை வகை பிரிக்க மிகவும் உதவும் கேள்வி இதுதான். வாய்க்குள் இருக்கும் தோல் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. உள்ளுதடு, கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடி, வாயின் தரை, பின்னண்ணம் ஆகியவற்றில் தோல் மெல்லியது; விரலால் தள்ளினால் நகரும். பல்லை ஒட்டிய ஈறிலும் முன்பக்கத்துக் கடின அண்ணத்திலும் தோல் எலும்போடு இறுகி ஒட்டியிருக்கும்; நகராது.

நகரும் மெல்லிய தோலில் மீண்டும் மீண்டும் வருவது பெரும்பாலும் ஆப்தஸ் புண், அதாவது பிறருக்குத் தொற்றாத வழக்கமான வாய்ப்புண். உதட்டின் வெளிவிளிம்பிலோ, நகராத ஈறு அல்லது கடின அண்ணத்திலோ கொத்தாக வருவது பெரும்பாலும் ஹெர்பிஸ் என்ற வைரஸ் தொற்று. இதற்கு விதிவிலக்கு உண்டு. உடலின் எதிர்ப்புசக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு ஹெர்பிஸ் எங்கு வேண்டுமானாலும் வரும். ஆனால் மற்றபடி நலமாக இருப்பவருக்கு இந்த ஒரு கேள்வியே பாதி விடையைத் தந்துவிடும்.

மூன்றாம் படி: எப்படித் தொடங்கியது?

ஹெர்பிஸ் கொப்புளமாகத் தொடங்கும். புண் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே அந்த இடம் குறுகுறுக்கும், அரிக்கும், சுருக்கென்று எரியும். பிறகு நீர் கோத்த சின்னஞ்சிறு கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பி, உடைந்து, கசிந்து, தேன் நிறத்தில் பொருக்குத் தட்டும். ஏழு முதல் பத்து நாளில் பொருக்கு உதிர்ந்துவிடும். வாய்க்குள் வந்தால் கொப்புளம் உடனே உடைந்துவிடுவதால் குண்டூசித் தலை அளவுப் புண்கள் கொத்தாக இருப்பது மட்டுமே தெரியும்.

ஆப்தஸ் புண்ணில் கொப்புளக் கட்டமே கிடையாது. லேசான எரிச்சலோடு ஒரு சிவந்த புள்ளி தோன்றும், ஓரிரு நாளில் நேராகக் குழியாகிவிடும். வட்டமாக அல்லது நீள்வட்டமாக, நடுவில் மஞ்சள் கலந்த வெள்ளை, சுற்றிலும் சிவந்த வளையம். உருவத்துக்குச் சற்றும் பொருந்தாத வலி.

கடித்துக்கொண்டது, பிரஷ் குத்தியது, சூடாக எதையோ வாயில் வைத்தது என்று நினைவுக்கு வந்தால் அது காயப்புண். பல்வலிக்காக ஆஸ்பிரின் மாத்திரையை ஈறின்மேல் ஒதுக்கி வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அது தோலை வெந்துபோகச் செய்து, வெள்ளையாக உரியும் புண்ணை உண்டாக்கும். மாத்திரையை விழுங்கினால்தான் வேலை செய்யும்; ஈறில் வைப்பதால் புண்தான் மிச்சம்.

நான்காம் படி: எத்தனை, எவ்வளவு பெரிது?

ஆப்தஸ் புண்ணிலேயே மூன்று ரகம் இருக்கிறது.

சிறிய ரகம்தான் மிகப் பரவலானது. பத்தில் எட்டுப் பேருக்கு இதுதான். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவு, ஒன்று முதல் ஐந்துவரை வரும், ஏழு முதல் பதினான்கு நாளில் தழும்பில்லாமல் ஆறும்.

பெரிய ரகம் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும், ஆழமாக இருக்கும், பின்னண்ணத்திலும் தொண்டை வாசலிலும்கூட வரும். ஆற வாரக்கணக்கு ஆகும், சிலருக்கு மாதங்களாகும், ஆறிய பிறகு தழும்பு நிற்கும். இதை வீட்டில் வைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

மூன்றாவது ரகத்தில் கடுகளவுப் புண்கள் பத்து முதல் நூறுவரை ஒரே நேரத்தில் வந்து, ஒன்றோடொன்று சேர்ந்து ஒழுங்கற்ற பெரிய புண்ணாகும். பார்ப்பதற்கு ஹெர்பிஸ் போலிருப்பதால் மருத்துவப் பெயரிலும் "ஹெர்பிஸ் போன்ற" என்ற பொருள் இருக்கிறது. அந்தப் பெயரைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். இதற்கும் ஹெர்பிஸ் வைரஸுக்கும் தொடர்பில்லை, யாருக்கும் தொற்றாது.

ஒரே ஒரு புண், ஒழுங்கற்ற வடிவம், விளிம்பில் வெள்ளை வெள்ளையாகத் தடித்திருக்கிறது, எதிரே கூரான பல்லோ கட்டுப்பல்லின் ஓரமோ பல் கம்பியோ இருக்கிறது என்றால் உரசலைச் சந்தேகியுங்கள்.

ஐந்தாம் படி: அதே இடமா, புது இடமா?

ஆப்தஸ் புண் இடம் மாறும். ஹெர்பிஸ் ஏறக்குறைய அதே இடத்துக்குத் திரும்பி வரும், ஆனால் இடையில் முழுவதும் ஆறி, வாரக்கணக்கில் அல்லது மாதக்கணக்கில் ஒன்றுமே இருக்காது. அந்த வைரஸ் முகத்துக்குப் போகும் நரம்பின் வேரில் தூங்கிக்கொண்டிருந்து, காய்ச்சல், கடும் வெயில், மாதவிடாய், அசதி, மன அழுத்தம் என்று ஏதாவது வரும்போது அதே நரம்பு வழியாக இறங்கி வருவதுதான் காரணம். உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரிடம் இந்த முதல்வகை ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் இருக்கிறது. பெரும்பாலோருக்குச் சிறுவயதில் வீட்டாரின் முத்தத்திலிருந்து வந்திருக்கும். ஆகவே இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரே இடத்தில், முழுவதும் ஆறாமலே மீண்டும் கிளம்பினால்? பல்லைப் பாருங்கள், பல் மருத்துவரையும் பாருங்கள். உரசும் பொருளைச் சரிசெய்த பிறகு இரண்டு வாரத்துக்குள் ஆறியாக வேண்டும். ஆறவில்லையென்றால் உரசலைக் காரணமாகச் சொல்லிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு, அடுத்த பரிசோதனைக்குப் போக வேண்டும்.

ஆறாம் படி: நாட்காட்டியில் குறியுங்கள்

புண்ணைப் பார்த்த நாளைக் குறித்து வையுங்கள். நினைவை நம்பாதீர்கள், "போன வாரம்தான் வந்தது" என்று நாம் சொல்வது பெரும்பாலும் மூன்று வாரமாக இருக்கும். மூன்று வாரம் என்பது கடைசி எல்லை. இரண்டு வாரத்தில் குறைவதற்கான அறிகுறியே இல்லையென்றால் அன்றைக்கே மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடுங்கள்.

வலி இல்லாத புண்ணை நல்ல புண் என்று நினைப்பதுதான் நான் அதிகம் பார்த்திருக்கும் தவறு. ஆரம்பநிலைப் புற்றுநோய்ப் புண் பல சமயம் வலிக்காது. விளிம்பு தடித்து மேலெழும்பியிருப்பது, விரலால் தொட்டால் அடியில் கெட்டியாகத் தட்டுப்படுவது, எளிதில் ரத்தம் கசிவது, அருகில் தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு அல்லது வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு, உதடோ நாக்கோ மரத்துப்போவது, காரணமில்லாமல் பல் ஆடுவது, கழுத்தில் கட்டி. இவற்றில் ஒன்று இருந்தாலும் நாள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். புகையிலை, பாக்கு, மது பழக்கம் இருந்தால் இன்னும் விரைந்து போங்கள். அவை எதுவும் இல்லாதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது என்பதால், பழக்கம் இல்லை என்ற தைரியத்தில் தள்ளிப்போடவும் வேண்டாம். மருத்துவர் அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து ஒரு சிறு துணுக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார். சில நிமிட வேலைதான்.

ஏழாம் படி: வாய்க்கு வெளியே என்ன நடக்கிறது?

இந்தப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வாய்ப்புண் சில சமயம் உடம்பில் வேறெங்கோ இருக்கும் கோளாறின் அறிவிப்பு.

சோர்வு, மூச்சு வாங்குவது, வெளிறிய முகம், வழவழத்துச் சிவந்த நாக்கு இருந்தால் இரும்புச்சத்து, பி12, ஃபோலேட் (ஃபோலிக் அமிலம்) குறைவைச் சந்தேகிக்கலாம். நெடுநாள் வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி, எடை குறைவது இருந்தால் கோதுமையிலுள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயோ, நாட்பட்ட குடல் அழற்சியான க்ரோன் நோயோ இருக்கலாம். பிறப்புறுப்பிலும் புண், கண் சிவந்து வலிப்பது, தோலில் கட்டிகள் சேர்ந்தால் பெஷெட் நோய் என்ற அரிய அழற்சி நோயாக இருக்கலாம். துருக்கியத் தோல் மருத்துவர் ஹுலுசி பெஷெட் 1937-இல் விவரித்ததால் அந்தப் பெயர். ஓர் ஆண்டில் குறைந்தது மூன்று முறை வாய்ப்புண் வருவது அதன் அடையாளங்களில் ஒன்று. ஆனால் அது மட்டும் இருப்பவர்கள் ஏராளம். மற்ற அறிகுறிகளும் சேர்ந்தால்தான் அந்தப் பேச்சே. கண்ணில் வலியோ பார்வை மங்கலோ இருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

குழந்தைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, நாள் குறித்தாற்போல் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் தொண்டைவலியும் சேர்ந்து வந்தால் தேதிகளை எழுதிக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தத் தேதிப் பட்டியலே அவருக்குப் பெரிய துப்பு.

சாப்பிடும் மாத்திரைகளையும் பாருங்கள். நெஞ்சுவலிக்கான நிகோராண்டில், சில வலிநிவாரணிகள், மூட்டுவாதம் போன்றவற்றுக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் ஆகியவை வாய்ப்புண்ணை உண்டாக்கும். மெத்தோட்ரெக்ஸேட் எடுத்துக்கொள்பவர்களுக்கும், தைராய்டுக்காகக் கார்பிமசோல் சாப்பிடுபவர்களுக்கும் ஒரு முக்கியமான எச்சரிக்கை: வாய்ப்புண்ணோடு காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருப்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். கீமோதெரபி எடுப்பவர்களுக்கும் இதே அவசரம்தான்.

புண்ணே அல்லாத, ஆனால் புண் என்று அழைக்கப்படுபவை

கடைவாய் இரண்டும் சிவந்து வெடித்து, வாயைத் திறந்தால் விண்ணென்று வலித்தால் அது கடைவாய்ப்புண். எச்சில் தேங்கி ஊறிய இடத்தில் கேண்டிடா என்ற பூஞ்சையோ பாக்டீரியாவோ குடியேறுவதால் வருகிறது. கட்டுப்பல் தேய்ந்து வாய் உள்வாங்கியவர்கள், உதட்டை நக்கும் பழக்கமுள்ள குழந்தைகள், இரும்புச்சத்தோ பி வைட்டமினோ குறைந்தவர்கள், சர்க்கரை நோயாளிகள் ஆகியோருக்கு அடிக்கடி வரும். ஹெர்பிஸ் ஒரு பக்கம் கொப்புளமாக வரும். இது பெரும்பாலும் இரு பக்கமும் வெடிப்பாக வரும்.

தயிர் ஒட்டியதுபோல் வெள்ளைப் படிவு, துணியால் துடைத்தால் வந்துவிடுகிறது, அடியில் சிவந்த தோல் என்றால் பூஞ்சைத் தொற்று. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் பயன்படுத்துபவர்கள் ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் இது பெரும்பாலும் வராது.

துடைத்தாலும் போகாமல், இரு கன்னங்களிலும் வலை பின்னியதுபோல் வெள்ளைக் கோடுகள் இருந்தால் லைக்கன் பிளானஸ் என்ற நாட்பட்ட அழற்சி. காரம் பட்டால் எரியும், சில இடங்களில் தோல் உரிந்து புண்ணாகும், வருடக்கணக்கில் குறைந்தும் கூடியும் நிற்கும். மிகச் சிலருக்குப் பின்னாளில் புற்றுநோயாக மாற வாய்ப்பிருப்பதால் குறிப்பிட்ட இடைவெளியில் மருத்துவரிடம் காட்டிக்கொண்டே இருக்கவேண்டும்.

நாக்கில் சிவந்த திட்டுகள், வெள்ளை ஓரத்தோடு, இன்று ஓரிடம் நாளை வேறிடம் என்று நகர்ந்தால் அது வரைபட நாக்கு. தீங்கற்றது. பெரிய கொப்புளங்கள் உடைந்து, ஆறாத புண்களாகப் பரவி, உடம்பிலும் கொப்புளம் வந்தால், உடலின் எதிர்ப்புசக்தியே தோலைத் தாக்கும் பெம்ஃபிகஸ் நோயாக இருக்கலாம். அது அரிது, ஆனால் உடனே மருத்துவம் வேண்டும்.

வகை தெரிந்த பிறகு என்ன செய்வது?

ஆப்தஸ் என்றால் முதலில் பற்பசையை மாற்றிப் பாருங்கள். நுரை வருவதற்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் சிலருக்குப் புண்ணைத் தூண்டும். அது இல்லாத பசையை இரண்டு மூன்று மாதம் பயன்படுத்திப் புண் வரும் தேதிகளைக் குறித்து வந்தால் உங்களுக்குப் பயனுண்டா என்பது தெரிந்துவிடும். எனக்குப் பலன் கிடைத்தது. முழுவதும் நிற்கவில்லை, இடைவெளி கூடியது. அரை டீஸ்பூன் உப்பை ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கலந்து கொப்பளிப்பது நல்லது. வலிக்கு, அந்த இடத்தை மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் ஜெல். மருத்துவர் எழுதித் தரும் ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு பசையைப் புண் கிளம்பிய முதல் நாளே, அந்த இடத்தைத் துணியால் ஒற்றி உலர்த்திவிட்டுத் தடவினால்தான் நன்றாகப் பிடிக்கும். குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு மருந்தைப் பல் துலக்கிய கையோடு பயன்படுத்தாமல் அரைமணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள்; நீண்டநாள் தொடர்ந்தால் பல்லில் கறை படியும். அடிக்கடி வருகிறது என்றால் ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டுவது), பி12, ஃபோலேட் அளவுகளைப் பார்ப்பது, கண்ணை மூடிக்கொண்டு வைட்டமின் மாத்திரை விழுங்குவதைவிட மேல். பி12 குறைந்திருக்கும்போது ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டால் ரத்தசோகை மறைந்து, நரம்புப் பாதிப்பு உள்ளுக்குள் வளரும்.

புகைபிடிப்பதை நிறுத்தியதும் சிலருக்கு இந்தப் புண்கள் கிளம்பும். சில வாரத்தில் அடங்கிவிடும்; அதற்காகத் திரும்பப் போய்விடாதீர்கள்.

ஹெர்பிஸ் என்றால் மருந்தை எப்போது தொடங்குகிறோம் என்பதுதான் முக்கியம். குறுகுறுப்புத் தொடங்கிய உடனே ஏசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். பொருக்குத் தட்டிய பிறகு தடவிப் பெரிய பயனில்லை. ஆப்தஸுக்கு வாங்கி வைத்த ஸ்டீராய்டு பசையை மட்டும் இதன்மேல் தடவாதீர்கள், வைரஸ் பரவ இடம் கொடுக்கும். கொப்புளத்தைத் தொட்ட கையால் கண்ணைத் தொடக் கூடாது. டம்ளர், துண்டு, லிப் பாம் எதையும் பகிரக் கூடாது. பிறந்த குழந்தையை முத்தமிடவே கூடாது. பச்சிளங்குழந்தைக்கு இந்தத் தொற்று உயிருக்கே ஆபத்தாகும். வெயிலால் வருபவர்கள் உதட்டுக்கு சன்ஸ்கிரீன் பூசலாம். ஆண்டுக்குப் பல முறை வந்தால் தினசரி மாத்திரை உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள்.

சிறு குழந்தைகளுக்கு வாய்ப்புண்ணைவிட நீர் வற்றிப்போவதுதான் கவலை. எச்சில் வடித்துக்கொண்டு எதையும் விழுங்க மறுத்தால், சிறுநீர் குறைந்தால், உடனே மருத்துவரிடம் போங்கள். பெரியவர்களின் மரத்துப்போகச் செய்யும் ஜெல்லைக் கைக்குழந்தைக்குத் தடவக் கூடாது.

மருத்துவரைப் பார்க்கப் போகும் அன்று களிம்பு எதுவும் தடவாமல் போங்கள். வெள்ளைப் பசைக்கு அடியில் இருப்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. போட்டோக்கள், தேதிக் குறிப்பு, சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளும் கையில் இருக்கட்டும். அன்றைக்குப் புண் ஆறியிருந்தாலும் போட்டோவைக் காட்டி, நாக்கின் பின்னோரத்தையும் வாயின் தரையையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.